உங்களுக்குத் தெரியுமா? தசைக்குள் ஓடும் கடிகாரம்

● பாஞ்சாலங்குறிச்சிக்குக் கிழக்கே, தருவைகுளம், வேப்பலோடைப் பக்கத்து உப்பளங்களில் வேலை தொடங்கும்போது ஊர் இன்னும் உறங்கிக்கொண்டிருக்கும். வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது, உப்பின் வெண்மை கண்ணைக் குத்தும். அதனால் இரவு 2, 3 மணிக்கே எழுந்து கிளம்பிவிடுகிறார்கள். மனித உடலின் சூடு மிகவும் தாழ்ந்திருப்பது விடிகாலை 4, 5 மணியளவில். தசையின் வலு உச்சத்துக்கு வருவதோ பிற்பகல் முடிந்து அந்தி சாயும் நேரத்தில். உடம்பு வலுக் குறைந்து கிடக்கும் வேளையில்தான் அந்தப் பெண்களும் ஆண்களும் உப்பை வாரிச் சுமக்கிறார்கள்.

● நேரம் பார்ப்பது மூளை மட்டும் என்று நினைத்திருந்தோம். மூளையின் அடியில் ஒரு தலைமைக் கடிகாரம் இருப்பது உண்மைதான். ஆனால் தசைச் செல்லை உடம்பிலிருந்து பிரித்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தாலும், ஏறத்தாழ 24 மணி நேரத் தாளத்தை அது தானே போட்டுக்கொண்டிருக்கும். உடல் எடையில் சுமார் 40 விழுக்காடு தசை. அத்தனை சதையிலும் செல்லுக்குச் செல் ஒரு கடிகாரம்!

● அது ஓடுவது இப்படி: பிமால்-1, க்ளாக் என்ற இரண்டு புரதங்கள் கைகோத்துச் சில மரபணுக்களை முடுக்கிவிடும். அவற்றிலிருந்து பிறக்கும் புரதங்கள் மெல்லச் சேர்ந்து, முடுக்கிவிட்ட அதே இரண்டையும் அமுக்கிவிடும். பிறகு அவை சிதைய, அமுங்கியவை மறுபடி எழும். இந்தச் சுற்றுக்கு ஒரு நாள் ஆகிறது. பழ ஈயில் இதன் அடிப்படையைக் கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது.

● ஒரு செல் தசையாக ஆவதற்கான முதன்மைச் சாவி ‘மயோ-டி’ என்ற மரபணு. 1987-இல் ஹெரால்டு வெயின்ட்ராபின் ஆய்வகம் இதைக் கண்டது. இணைப்புத்திசுச் செல்லுக்குள் இந்த ஒரே மரபணுவை முடுக்கினால் போதும், அது தசைச் செல்லாக மாறிவிடும்! அந்தச் சாவியைத் திருப்பும் கைகளில் கடிகாரப் புரதங்களும் உண்டு என்று 2010-இல் வெளியான எலி ஆய்வு காட்டியது. கடிகாரம் கெட்ட எலிகளில் தசை நார்களின் அடுக்கு குலைந்திருந்தது; இழுவிசை சுமார் 30 விழுக்காடு குறைந்திருந்தது. பின்னால் தெரியவந்தது இன்னும் அழகு: மயோ-டியும் திரும்பிப் போய்க் கடிகாரத்தின் துடிப்பைக் கூட்டுகிறது.

● கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799-இல். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய அவன் தம்பி ஊமைத்துரை, இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை ஆறே நாளில் மண்ணால் எழுப்பினான். மண் சுமந்தவர்களின் பெயர்கள் நமக்கு வந்து சேரவில்லை. அந்தத் தோள்களுக்குள் நடந்ததை ஓரளவு சொல்லலாம்: கடும் உழைப்பில் தசை நார் கிழியும்போது, நாரின் ஓரத்தில் உறங்கிக் கிடக்கும் துணைச்செல்கள் விழித்துப் பெருகி, நாரோடு இணைந்து கிழிசலை அடைக்கும். 1961-இல் அலெக்சாண்டர் மாரோ தவளைத் தசையில் இச்செல்களை முதன்முதலாகப் பார்த்தார். பிமால்-1 இல்லாத எலிகளுக்குக் காயம்பட்ட தசை சரியாக வளர்ந்து மூடுவதில்லை. தசையைப் பழுதுபார்ப்பதற்கும் கடிகாரம் வேண்டியிருக்கிறது.

● நம் நாட்டு ஆறு, வாய்க்கால்களிலும் வாழும் ஜீப்ரா மீனின் குஞ்சுகளுக்குத் தசை பகலில் வேகமாகவும் இரவில் மெதுவாகவும் வளர்கிறது. பகலில் நீந்துவதால்தானே என்று கேட்கத் தோன்றும். லண்டன் ஆய்வாளர்கள் குஞ்சுகளை அசையவிடாமல் வைத்தும் பார்த்தார்கள் (2020). அப்போதும் பகல் வளர்ச்சியே மிகுந்திருந்தது.

● ஓர் இரவு முழுக்கக் கண் விழித்தால் மறுநாள் தசைப் புரதம் உருவாகும் வேகம் 18 விழுக்காடு குறைகிறது. இளைஞர்களும் இளம்பெண்களுமாக 13 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வு இது; 2021-இல் வெளியானது. ஓர் இரவுக்கே இவ்வளவு என்றால், துறைமுகத்தில் ஷிப்ட் மாறி மாறி வேலை பார்க்கும் உடம்பை நினைத்தால் மனம் பதறுகிறது.

● தூத்துக்குடியில் 1961-ஓடு நின்றுபோன முத்துக்குளிப்பின் படகுகள் இருட்டோடு இருட்டாகக் கரைக்காற்றில் கிளம்பும். வெளிச்சம் வந்தபிறகே மூழ்குவார்கள். பிற்பகலில் கடல்காற்று கரைக்குக் கொண்டுவரும். காற்றும் சூரியனும் குறித்துக் கொடுத்த வேலை நேரம் அது.

● உடற்கடிகார ஆய்வுக்கு இந்தியாவில் வேர் ஊன்றிய இடங்களில் முதன்மையானது மதுரை காமராசர் பல்கலைக்கழகம். அங்கே எம்.கே. சந்திரசேகரனும் மாணவர்களும் குகை வாழும் இலைமூக்கு வௌவால்களை ஆராய்ந்தார்கள். குகையின் இருட்டில் கூண்டுக்குள் வைத்த வௌவாலுக்குப் பகலும் தெரியாது, இரவும் தெரியாது. ஆனால் சுற்றிலும் சுதந்திரமாகத் திரியும் கூட்டம் அந்தியில் வெளியேறித் திரும்பிவந்துகொண்டிருந்தவரை, கூண்டு வௌவாலின் கடிகாரமும் சரியாக 24 மணி நேரத்தில் ஓடியது. கூட்டமில்லாத குகையில் அது தன் போக்கில் நழுவிப் போனது. 1981-இல் இதை வெளியிட்டார்கள். உப்பளத்துக்குப் போகும் அம்மா 2 மணிக்கு அடுப்பு மூட்டும்போது பாயில் புரண்டு விழிக்கும் பிள்ளைகளின் கடிகாரத்தையும் யாராவது இப்படிப் பொறுமையாக உட்கார்ந்து அளக்க வேண்டும்.