வலுவை மையப்படுத்திய உளவளத்துணை

வலுவை மையப்படுத்திய உளவளத்துணை என்பது, துணை நாடி வருபவரின் குறைகளிலிருந்து அல்லாமல், அவரிடம் ஏற்கனவே உள்ள திறன்கள், உறவுகள், பட்டறிவு ஆகியவற்றிலிருந்து தொடங்கும் ஆற்றுப்படுத்தல் முறை ஆகும். இளையோருடன் பணியாற்றுவோர் இதனைப் பெரிதும் கையாளுகின்றனர். இளையோரில் பலர் தாமாக வருவதில்லை. பெற்றோராலோ பள்ளியாலோ நீதிமன்றத்தாலோ அனுப்பப்படுகின்றனர். அவர்களுக்கு முன்பே அவர்களைப் பற்றிய கோப்பு வந்து சேர்ந்துவிடுகிறது. ஒருவர் வகுப்புக்கு வராத நாட்கள் அதில் இருக்கும். வீட்டில் தம்பி தங்கையருக்குச் சமைத்துக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புபவரும் அவரே என்பது பெரும்பாலும் இருக்காது.

தோற்றம்

இம்முறை 1980களில் ஐக்கிய அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகச் சமூகப்பணித் துறையில் உருப்பெற்றது. முதலில் கடும் உளநோயுடைய வளர்ந்தோருக்கே பயன்பட்டது. டென்னிஸ் சலீபி 1992 இல் தொகுத்த நூல் இதனைப் பரவலாக்கியது.

இளையோர் தொடர்பில் இதற்கு வலுவான சான்றாக அமைந்தது ஹவாயின் கவாய் தீவில் எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் ஆகியோர் நடத்திய நெடுங்கால ஆய்வாகும். 1955 இல் அங்கு பிறந்த 698 குழந்தைகள் இதில் பின்தொடரப்பட்டனர். வறுமை, குடும்பப் பூசல் போன்ற பல இடர்களுக்கு உள்ளான பிள்ளைகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் திறமையும் பரிவும் உள்ளவராக வளர்ந்தார். இத்தகையோருக்குப் பெற்றோர் அல்லாவிடினும், பாட்டி, ஆசிரியர், அயலவர் என நம்பத்தக்க பெரியவர் ஒருவரேனும் வாய்த்திருந்தார்.

செயல்முறை

ஸ்டீவ் டி ஷேசர், இன்சூ கிம் பெர்க் ஆகியோர் மில்வோக்கி நகரில் வளர்த்தெடுத்த தீர்வுநோக்குக் குறுங்காலச் சிகிச்சையின் வினாக்கள் இங்கும் பயன்படுகின்றன. 0 முதல் 10 வரையான அளவில் தன் நிலை 3 என்று ஒருவர் சொன்னால், "ஏன் 10 இல்லை?" என்று துணையாளர் கேட்பதில்லை. "0 ஆகிவிடாமல் 3 இல் நிற்க எது உதவியது?" என்றே கேட்பார். விடை தேடும்போது, தான் செய்துவந்த ஒன்றை அவரே கண்டுகொள்கிறார். அடுத்த அடி அதிலிருந்து திட்டமிடப்படுகிறது. இதனைப் புகழ்ச்சியுடன் குழப்பிக்கொள்ளலாகாது. வெறும் பாராட்டை இளையோர் எளிதில் இனங்கண்டுவிடுவர்.

விமர்சனம்

வறுமை, பாகுபாடு போன்றவற்றின் சுமையைத் தனிமனிதரின் தோளிலேயே இம்முறை ஏற்றிவிடக்கூடும் என்பது முக்கிய விமர்சனமாகும். இது புறக்கணிக்கத்தக்கதன்று. மேலும், தற்கொலை எண்ணமோ வன்கொடுமையோ இருக்கலாம் என ஐயம் எழுந்தால், அதனை நேரடியாகக் கேட்டறிந்து, முதலில் பாதுகாப்புக்கு வழிசெய்ய வேண்டும். வலுக்களைப் பற்றிய உரையாடல் அதன் பின்னரே இடம்பெறும்.