விழுந்தாரா, வீழ்த்தப்பட்டாரா?

பந்தைத் துரத்திக்கொண்டு இரண்டு ஆட்டக்காரர்கள் ஓடுகிறார்கள். ஒருவர் காலை நீட்டுகிறார். மற்றவர் புல்தரையில் உருண்டு, கணுக்காலைப் பற்றிக்கொண்டு துடிக்கிறார். ஒரு தரப்பு ரசிகர்கள் 'பவுல்' என்று கூவுகிறார்கள். மறுதரப்பினர் 'நடிப்பு' என்று நகைக்கிறார்கள். பத்துப் பதினைந்து கஜத்திற்கு அப்பால் ஓடிவரும் நடுவர் அக்கணமே முடிவு சொல்லியாக வேண்டும். அந்த ஆட்டக்காரர் விழுந்தாரா, வீழ்த்தப்பட்டாரா? தன்வினைக்கும் செயப்பாட்டுவினைக்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பறையில் கரும்பலகையில் எழுதி விளக்கிவிடலாம். மைதானத்தில் அதே வேறுபாட்டைக் கண்டறிய நடுவருக்குக் கிடைப்பது ஒரு விநாடிக்கும் குறைவான காலமே.

விளையாட்டுத்தானே என்று இதனை ஒதுக்கிவிடுவதற்கில்லை. கால்பந்தாட்டத்தில் கோல்கள் அரிதாகவே விழுகின்றன. ஆகவே, தவறாக அளிக்கப்பட்ட ஒரே ஒரு பெனால்டி உதை ஆட்டத்தின் முடிவையே மாற்றிவிடக்கூடும். குற்றமற்ற ஒருவர் மைதானத்திலிருந்து வெளியேற்றப்படவும் கூடும். இவற்றுக்கெல்லாம் மேலாக, நடிப்பவர் பயன் பெறுவதையும் நேர்மையாக ஆடுபவர் நஷ்டமடைவதையும் பார்த்துக்கொண்டிருக்கும் சிறுவர்கள் அதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொள்கிறார்கள். இப்பிரச்சினையை உளவியல் அறிஞர்களும் உயிரியல் அறிஞர்களும் இந்நூற்றாண்டில் முறையாக ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்ட முடிவுகள் பள்ளி மைதானத்தில் விசில் ஊதும் ஆசிரியருக்கும் பயன்படத் தக்கவை.

விதி கூறுவது

1863-ல் லண்டனில் கால்பந்துச் சங்கம் நிறுவப்பட்டு விதிகள் வகுக்கப்பட்டபோது, அவற்றில் நடுவருக்கு இடமே இருக்கவில்லை. தகராறு எழுந்தால் இரு அணித் தலைவர்களும் பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்கப்பட்டது. பின்னர் அணிக்கு ஒருவராக இரண்டு அம்பயர்கள் வந்தனர். அவர்களும் ஒத்துப்போகாதபோது கேட்பதற்காக மைதானத்திற்கு வெளியே ஒரு நடுவர் இருந்தார். 1891-ல்தான் அந்நடுவர் மைதானத்திற்குள் வந்தார். பெனால்டி உதை ஏற்பட்டதும் அதே ஆண்டில்தான். கனவான்கள் வேண்டுமென்றே எதிரியை இடறிவிடுவார்கள் என்று ஒரு விதி அனுமானிப்பதே தங்களுக்கு இழுக்கு என்று, ஸி. பி. பிரை போன்ற அக்காலத்துப் புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் குறை கூறினர். எனினும் விதி நிலைத்துவிட்டது.

இன்று ஆட்டத்திற்கு 17 விதிகள் உள்ளன. அவற்றுள் 12-வது விதியே பவுல் பற்றியது. எதிரியை உதைத்தல், இடறுதல், தள்ளுதல், அவர்மீது பாய்தல் முதலியவற்றை அது மூன்று படிகளாக வகுக்கிறது. கவனமின்மையால் நேர்ந்திருந்தால் எதிர் அணிக்குத் தனி உதை மட்டும் கிடைக்கும். எதிரிக்கு நேரக்கூடிய ஆபத்தைப் பொருட்படுத்தாமல் செய்திருந்தால் மஞ்சள் அட்டை காட்டப்படும். மிதமிஞ்சிய பலத்தைப் பிரயோகித்திருந்தால் சிவப்பு அட்டை. இவ்வட்டைகள் 1970-ல் மெக்ஸிகோவில் நடைபெற்ற உலகக் கோப்பைப் போட்டியில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டன.

இங்கே இரண்டு உண்மைகளைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். முதலாவது, தொடுகை எல்லாம் குற்றமன்று. தோளோடு தோள் மோதுவது ஆட்டத்திற்கு இயல்பானதே. இரண்டாவது, தொடுகையே இல்லாமலும் குற்றம் நிகழலாம். எதிரியை இடற முயல்வதும் விதிப்படி பவுலே. மூர்க்கமாக நீட்டப்பட்ட காலைத் தவிர்க்கத் துள்ளிக் குதித்து நிலைதடுமாறி விழுபவர் நடிகர் அல்லர். ஆகவே, 'கால் பட்டதா?' என்ற ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புக் கூறிவிட முடியாது.

நடுவரை ஏமாற்றும் நோக்கத்துடன் செய்யப்படும் பாசாங்கு, மைதானத்தில் எங்கு நிகழ்ந்தாலும், விளையாட்டுப் பண்புக்கு மாறான நடத்தையாகத் தண்டிக்கப்பட வேண்டும் என்பது 1999-ல் விதிகளில் தெளிவாகச் சேர்க்கப்பட்டது. இதற்கு மஞ்சள் அட்டை காட்டப்படும்.

விழும் உடலின் சாட்சியம்

உண்மையாக இடறப்பட்டவரின் உடல் பௌதிக விதிகளுக்குக் கட்டுப்பட்டே விழுகிறது. விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் ஓடுபவரின் பாதம் திடீரெனத் தடுக்கப்பட்டால், பாதம் நிற்கும். மேலுடல் முன்னோக்கியே செல்லும். ஓடும் பேருந்து சட்டென நிற்கும்போது பயணிகள் முன்னால் சாய்வதும் இதே காரணத்தால்தான். தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்திலிருக்கும் ஒரு பொருள் தடையின்றிக் கீழே விழுவதற்கு ஏறத்தாழ 0.45 விநாடி ஆகிறது. இந்த அற்ப நேரத்தில் சிந்தித்துச் செயற்பட இயலாது. தன்னிச்சையான அனிச்சைச் செயல்களே உடலைக் காக்கின்றன. கைகள் தரையை நாடி முன்னும் கீழும் நீளும். அல்லது சமநிலையை மீட்பதற்காகப் பக்கவாட்டில் விரியும்.

இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த உளவியல் அறிஞர் பால் மாரிஸ், டேவிட் லூயிஸ் என்பாருடன் சேர்ந்து இதனை ஆராய்ந்து, 2009-ல் முடிவுகளை வெளியிட்டார். நடித்து விழுபவரைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களை அவர்கள் வகுத்துக் கூறியிருக்கிறார்கள். மோதலுக்கும் விழுதலுக்கும் இடையே பொருந்தாத தாமதம் ஏற்படுவது ஒன்று. மோதலின் வேகத்திற்கும் திசைக்கும் ஒவ்வாதபடி உடல் உருண்டு செல்வது மற்றொன்று. காலில் அடிபட்டவர் முகத்தைப் பொத்திக்கொள்வது போல, பட்ட இடம் ஒன்றும் நோகும் இடம் வேறொன்றுமாக இருப்பது மூன்றாவது.

இவற்றினும் வியப்பானது நான்காவது அடையாளம். இரு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி, உள்ளங்கைகளை விரித்து, மார்பை முன்னே தள்ளி, முழங்கால்களை மடக்கி, உடலை நாணேற்றிய வில்லைப் போல வளைத்துக்கொண்டு சிலர் விழுகிறார்கள். உண்மையாகவே நிலைதடுமாறுபவர் கைகளை மேலே உயர்த்துவதில்லை. அப்படி உயர்த்தினால் தரையில் மோதப்போவது அவருடைய முகமே. ஆகவே, இந்த வில் வளைவு நடிப்பில் மட்டுமே காணப்படுவது என்று அவ்வாராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

எனினும் ஓர் எச்சரிக்கை அவசியம். உண்மையான பவுலுக்கு உள்ளான ஒருவர், நடுவர் அதனைக் கவனிக்காமல் போய்விடுவாரோ என்று அஞ்சி, விழுதலை மிகைப்படுத்திக் காட்டுவதுமுண்டு. நடிப்பு இருந்தது என்பதனாலேயே குற்றம் இல்லை என்று ஆகிவிடாது.

நடுவரின் கண்ணும் காதும்

நடுவரும் மனிதரே. 2002-ல் ஆலன் நெவில் முதலிய ஆங்கில அறிஞர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். தகுதி பெற்ற 40 நடுவர்களுக்கு, ஓர் ஆட்டத்திலிருந்து எடுக்கப்பட்ட 47 மோதல்களின் படக்காட்சி காட்டப்பட்டது. ஒரு பகுதியினர் ரசிகர்களின் ஆரவாரத்துடன் பார்த்தனர்; மற்றவர்கள் ஓசையின்றிப் பார்த்தனர். ஆரவாரத்தைக் கேட்டவர்கள் சொந்த மைதானத்து அணிக்கு எதிராக அளித்த பவுல்கள், ஓசையின்றிப் பார்த்தவர்கள் அளித்தவற்றைக் காட்டிலும் சுமார் 15 சதவீதம் குறைவாக இருந்தன. கண் கண்டதைக் காது திருத்திவிடுகிறது என்பது இதனால் விளங்கும்.

படக்காட்சியை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் உண்மை புலப்படாதா என்று கேட்கலாம். ஐரோப்பிய நாடுகள் ஐந்திலிருந்து 88 உயர்தர நடுவர்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆராய்ச்சி ஒன்றின் முடிவு 2018-ல் வெளியாயிற்று. பவுலா, இல்லையா என்று தீர்மானிப்பதில் மெதுவான படம் குறிப்பிடத்தக்க மாறுதல் எதையும் உண்டாக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்தவர்கள் அதிகக் கடுமையான தண்டனை அளித்தனர். கால் விநாடியில் நடந்த ஒன்றை நீட்டிக் காட்டினால், அது திட்டமிட்ட செயல்போலத் தோன்றிவிடுகிறது. கால் எங்கே பட்டது என்பதை அறிய மெதுவான படம் உதவும். எவ்வளவு பலத்துடன் பட்டது என்பதை அறிய இயல்பான வேகமே ஏற்றது.

2018-ல் ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் வீடியோ துணை நடுவர் முறை முதன்முதலாகக் கையாளப்பட்டது. ஜூன் 22-ல் பிரேஸிலும் கோஸ்டாரிகாவும் கோலின்றி ஆடிக்கொண்டிருந்த வேளையில், பிரேஸிலின் நெய்மார் கோலுக்கு அருகே பின்புறமாகச் சாய்ந்து விழுந்தார். டச்சு நடுவர் பியர்ன் குய்பர்ஸ் பெனால்டி உதை அளித்தார். பின்னர் படத்தைப் பார்த்து, தொடுகை இலேசானதே என்று கண்டு அதனை ரத்து செய்தார். ஆனால் அந்த விழுதலுக்காக நெய்மாருக்கு அட்டை எதுவும் காட்டப்படவில்லை என்பது கவனத்திற்குரியது. பலித்திருந்தால் பெனால்டி உதை. பலிக்காததால் எவ்வித இழப்புமில்லை.

ஏமாற்று ஏன் பெருகுகிறது?

இக்கேள்விக்கு உயிரியல் ஒரு விடை அளிக்கிறது. உப்புக்கொத்திப் பறவை தரையில் முட்டையிடுவது. பகை விலங்கு நெருங்கினால், அது இறக்கை ஒடிந்ததுபோல நடித்துத் தரையில் தத்திச் சென்று, அவ்விலங்கைக் கூட்டிலிருந்து தொலைவிற்கு ஈர்த்துச் செல்கிறது. பகை விலங்கு நம்பும் வரையில்தான் இந்நடிப்புப் பலிக்கும். பொய்ச் சைகை நிலைப்பதும் மறைவதும், அதைப் பெறுபவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதையே பொறுத்தது.

ஆஸ்திரேலியாவில் க்வீன்ஸ்லாந்து பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த உயிரியல் அறிஞர்கள் இக்கருத்தைக் கால்பந்தாட்டத்தில் சோதித்தனர். தொழில்முறைப் போட்டித் தொடர்களைச் சேர்ந்த 60 ஆட்டங்களில் நிகழ்ந்த 2,800 விழுதல்களை அவர்கள் ஆராய்ந்து, 2011-ல் முடிவுகளை வெளியிட்டனர். எதிரியின் கோலுக்கு அருகே, அதாவது லாபம் மிகுந்த இடத்தில், பாசாங்கு அதிகமாக இருந்தது. நடுவர்கள் ஏமாந்து அடிக்கடி பவுல் அளித்த தொடர்களில் பாசாங்கும் அதிகமாக இருந்தது. அவர்கள் கண்ட பாசாங்கு விழுதல்களுள் ஒன்றுக்குக்கூட நடுவர் தண்டனை அளித்திருக்கவில்லை. ஆட்டக்காரர்களின் ஒழுக்கக் குறைவு மட்டுமே இதற்குக் காரணம் என்று கூறிவிட முடியாது. பொய்யின் விலை மலிவாக இருந்ததும் காரணமே.

2002 உலகக் கோப்பையில் துருக்கி ஆட்டக்காரர் ஹாகன் உன்ஸால் பந்தைப் பிரேஸிலின் ரிவால்டோவை நோக்கி உதைத்தார். பந்து பட்டது காலில். ரிவால்டோ பொத்திக்கொண்டு விழுந்தது முகத்தை. உன்ஸால் வெளியேற்றப்பட்டார். பின்னர் ரிவால்டோவுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. ஆனால் ஆட்டத் தடை விதிக்கப்படவில்லை. அவர் தொடர்ந்து ஆடி, அவ்வாண்டின் கோப்பையை வென்ற அணியில் இடம்பெற்றார்.

நேர்மைக்குக் கிடைப்பது

மறுபக்கமும் உண்டு. 1997 மார்ச் 24-ல் லண்டனில் ஆர்ஸனல் அணியை எதிர்த்து லிவர்பூல் அணி ஆடியபோது, லிவர்பூலின் ராபி பவுலர் எதிரணிக் கோல்காப்பாளர் அருகே விழுந்தார். நடுவர் பெனால்டி உதை அளித்தார். பவுலரோ, தம்மை எவரும் தொடவில்லை என்று கையசைத்துத் தெரிவித்தார். நடுவர் தீர்ப்பை மாற்றவில்லை. பவுலர் உதைத்த பந்தைக் கோல்காப்பாளர் தடுத்தார். திரும்பி வந்த பந்தை மற்றொரு லிவர்பூல் ஆட்டக்காரர் கோலாக்கிவிட்டார். உண்மையைக் கூறியவரின் சொல் அன்று ஏற்கப்படவில்லை.

2014 மார்ச் மாதத்தில் ஜெர்மனியில் வெர்டர் பிரேமன் அணியின் ஆரன் ஹன்ட்டும் இவ்வாறே விழுந்து, பெனால்டி உதை அளிக்கப்பட்டதும், அது பவுல் அன்று என்று நடுவரிடம் தாமே கூறினார். நடுவர் தீர்ப்பைத் திரும்பப் பெற்றார். ஆட்டம் மீண்டும் தொடங்குவதற்கு முன் தீர்ப்பை மாற்ற விதி இடமளிக்கிறது. ஆட்டக்காரரின் நேர்மைக்கு நடுவரின் துணிவு துணைநின்ற நிகழ்ச்சி இது.

ஆனால் இவை அரிய நிகழ்ச்சிகள். அன்றாடம் நடப்பது வேறு. சட்டையைப் பிடித்து இழுத்தும், காலில் இடறியும், விழாமல் சமாளித்து ஓடும் ஆட்டக்காரருக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைப்பதில்லை. அதே இடத்தில் விழுந்தவருக்கு விசில் ஊதப்படுகிறது. விழாமல் நிற்பது நஷ்டம் என்பதை இளைஞர் இப்படித்தான் கற்கிறார்.

பள்ளி மைதானத்தில்

இந்த இடத்தில் ஆசிரியரால் ஆகக்கூடியது அதிகம். அவருக்கு வீடியோ உதவி இல்லை. அது அவசியமும் அன்று. முதலாவதாக, மோதலைப் பக்கவாட்டிலிருந்து காணத்தக்க கோணத்தில் ஓட வேண்டும். நேர்ப்பின்னால் நின்றால் இரு கால்களுக்கும் இடையேயுள்ள வெளி கண்ணுக்குத் தெரியாது. இரண்டாவதாக, காலையும் பந்தையும் பார்க்க வேண்டும்; முகத்தையும் அலறலையும் அன்று. மூன்றாவதாக, விசிலை உடனே ஊதாமல் ஒரு மூச்சுப் பொறுக்கலாம். பவுலுக்கு உள்ளானவருக்குப் பந்து சாதகமாக இருந்தால் ஆட்டத்தைத் தொடரவிடவும், அச்சாதகம் சில விநாடிகளில் கைகூடாவிட்டால் அப்பவுலுக்கே திரும்பவும் விதி அனுமதிக்கிறது.

நான்காவதே தலையானது. இடறப்பட்டும் விழாமல் நின்ற மாணவனுக்கு அச்சாதகம் கைகூடவில்லையெனில், அவனுக்காகத் தயங்காது விசில் ஊத வேண்டும். நடித்து விழுந்தவனுக்கு மஞ்சள் அட்டை காட்டுவது பொய்யின் விலையை உயர்த்துகிறது; நின்றவனுக்குத் தனி உதை அளிப்பது மெய்யின் நஷ்டத்தை ஈடுசெய்கிறது. இவ்விரண்டும் சேர்ந்து நடைபெறும் மைதானத்தில், விழாமல் நிற்பதனால் தனக்கு எவ்வித நஷ்டமும் இல்லை என்பதை மாணவன் ஒரு பருவத்திற்குள்ளாகவே தன் அனுபவத்தால் அறிந்துகொள்வான்.