காடு கேட்கும் கணக்கு

பேய்க்கதை என்றால் பாழடைந்த பங்களா, வெள்ளைப் புடவை என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இப்போது காடும் கடலும் விலங்கும்தான் பழிவாங்கப் புறப்பட்டிருக்கின்றன. ஆனால் கதையில் கிடைக்கும் நியாயம் காட்டோரத்தில் கிடைக்கிறதா?

1978 மார்ச் 17. தில்லிப் பல்கலைக்கழகத்தின் முதுகலை மாணவர் ஒருவர், வழக்கமாகப் போகாத தெரு வழியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தார். வானம் கறுத்தது. மேகத்தின் அடியிலிருந்து சாம்பல் நிறத்தில், குழாய் போல, ஏதோ ஒன்று கீழே நீண்டது. ஓடிப்போய் ஒரு கட்டடத்தின் பால்கனியில் பதுங்கிக்கொண்டார். கண்முன்னே சைக்கிள்கள், ஸ்கூட்டர்கள், தகரக் கூரைகள், டீக்கடைகள் எல்லாம் பறந்துபோயின. சில நிமிடங்கள்தான். தில்லி அதுவரை கண்டிராத அந்தச் சுழல்காற்றில் சுமார் 30 பேர் இறந்தார்கள்.

அந்த மாணவர் அமிதவ் கோஷ். பின்னாளில் 2018-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது பெற்ற நாவலாசிரியர். எத்தனையோ முறை முயன்றும் அந்தச் சுழல்காற்றைத் தன் நாவல் எதிலும் நுழைக்க முடியவில்லை என்று 2016-இல் வெளியான ‘தி கிரேட் டிரேஞ்ச்மென்ட்’ நூலில் ஒப்புக்கொண்டார். காரணம், வாசகர் நம்பமாட்டார் என்ற தயக்கம். நிஜத்தில் நடந்த ஒன்று நாவலில் வந்தால் பொய் போலத் தெரியும். அன்றாடம் நடக்கக்கூடியதையே எழுதுவது என்று நவீன நாவல் தனக்கு ஒரு வேலி போட்டுக்கொண்டது. விசித்திரங்களை எல்லாம் பேய்க்கதைக்கும் விஞ்ஞானக் கதைக்கும் தள்ளிவிட்டது. பருவநிலையே விசித்திரமாக மாறிவரும் காலத்தில் அதைப் பேச நாவலுக்கு நா எழவில்லை என்பது கோஷின் குற்றச்சாட்டு.

பேய்க்கதைக்கு அந்தச் சங்கடம் கிடையாது. மரம் நடந்தால் என்ன, பன்றி பேசினால் என்ன? அதனால்தானோ என்னவோ, இயற்கை மனிதனைத் திருப்பி அடிக்கும் கதை இலக்கிய மேடையில் இடம் கிடைக்காத நாட்களிலும் கொட்டகையில் அமோகமாக ஓடியது. 1976-இல் இந்தியில் வந்த ‘நாகின்’ படத்தில், இணையைப் பறிகொடுத்த பெண் நாகம் அதற்குக் காரணமான நண்பர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய்த் தீர்த்துக்கட்டியது. 1979-இல் அதுவே தமிழில் ‘நீயா?’ ஆனது. ஸ்ரீபிரியா பாம்பாக வந்து கமல்ஹாசனையும் மற்றவர்களையும் துரத்தியதைப் பார்த்துவிட்டு இருட்டில் கொல்லைப்புறம் போகப் பயந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

வங்காளத்தில் சத்யஜித் ராய் குழந்தைகளுக்காக எழுதிய கதைகளில் ஒன்று ‘செப்டோபஸின் பசி’. துப்பாக்கியைத் தூக்கி வைத்துவிட்ட ஒரு வேட்டைக்காரர்தான் கதை சொல்பவர். பாராசாத்தில் வசிக்கும் தாவர சேகரிப்பாளர் ஒருவர் மத்திய அமெரிக்கக் காட்டிலிருந்து கொண்டுவந்து வளர்த்த மாமிசம் தின்னும் செடி, ஏழு கரங்களோடு மரமாக வளர்ந்து, கொடுத்த தீனி போதாமல் நிற்கிறது. கடைசியில் வேட்டைக்காரர் மறுபடியும் துப்பாக்கியை எடுக்க வேண்டியதாகிறது. காட்டில் இருந்தவரை அது வெறும் செடி. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தது மனித ஆசை.

காரணம் சொல்லாத பறவைகள்

மேலைநாட்டுக் கதைகள் பெரும்பாலும் வேறு பாதையில் போயின. டாஃப்னி டு மாரியே 1952-இல் வெளியிட்ட ‘தி பேர்ட்ஸ்’ கதையில், இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் பறவைகள் திடீரென்று கூட்டம் கூட்டமாக மனிதர்களைத் தாக்குகின்றன. ஏன் என்பதற்குக் கடைசிவரை விடையில்லை. ஹிட்ச்காக் 1963-இல் அதைப் படமாக எடுத்தபோதும் விடை தரவில்லை. காரணம் தெரியாததுதான் அங்கே பயம்.

இத்தனைக்கும் நிஜத்தில் காரணம் இருந்தது. 1961 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் கேப்பிடோலா என்ற கடலோர ஊரில் கடற்பறவைகள் புத்தி பேதலித்தது போல வீடுகளிலும் தெருக்களிலும் வந்து மோதி விழுந்தன. அந்தச் செய்தி ஹிட்ச்காக்கின் கவனத்தை ஈர்த்தது. கடல்பாசி உண்டாக்கும் ஒரு நச்சு, மீன் வழியாகப் பறவைகளின் மூளையைத் தாக்கியிருக்க வேண்டும் என்று பல ஆண்டுகளுக்குப் பிறகு விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள்.

இந்தியக் கதைகளில் இந்த மர்மம் குறைவு. இங்கே பாம்போ புலியோ தெய்வமோ காரணமில்லாமல் வருவதில்லை. யாரோ எதையோ மீறியிருக்கிறார்கள். ஒரு வாக்கு, ஓர் எல்லை, ஓர் ஒப்பந்தம். பழிவாங்கல் என்று பார்வையாளர் நினைப்பது, உண்மையில் பாக்கி வசூல்.

பன்றித் தெய்வத்தின் பத்திரம்

2022 செப்டம்பர் 30 அன்று வெளியான கன்னடப் படம் ‘காந்தாரா’ இதற்குச் சரியான உதாரணம். எழுதி, இயக்கி, நடித்தவர் ரிஷப் ஷெட்டி. துளுநாட்டின் பூதக்கோலச் சடங்கை மையமாக வைத்த இந்தப் படம் கர்நாடகத்தைத் தாண்டி நாடெங்கும் ஓடி, அவருக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதையும் வாங்கித் தந்தது. 2025 அக்டோபரில் இதன் முன்கதையும் படமாக வந்தது.

கதை 1847-இல் தொடங்குகிறது. எல்லாம் இருந்தும் நிம்மதி இல்லாத ஒரு ராஜா, காட்டுக்குள் ஒரு கல்லின் முன்னே நிம்மதியை உணர்கிறார். அது பஞ்சுருளி, பன்றி வடிவத் தெய்வம். அதை அரண்மனைக்கு அழைத்துப் போக வேண்டுமானால் அந்த மண்ணை அங்குள்ள மக்களுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. வாக்கு மீறினால் பஞ்சுருளி மன்னித்தாலும் கூடவே இருக்கும் குளிகா மன்னிக்காது. 1970-இல் ராஜாவின் வாரிசு நிலத்தைத் திருப்பிக் கேட்கிறார். வழக்குப் போடப் போனவர் நீதிமன்றப் படிக்கட்டில் ரத்தம் கக்கிச் செத்து விழுகிறார்.

கவனிக்க வேண்டியது, சண்டை நடப்பது காட்டுக்கும் மனிதனுக்கும் இடையே அல்ல என்பதைத்தான். நிலத்தைப் பறிக்க நினைக்கும் பண்ணையார் ஒரு பக்கம். காட்டில் விறகும் வேட்டையும் தங்கள் உரிமை என்று நினைக்கும் ஊரார் ஒரு பக்கம். இரண்டையும் சந்தேகிக்கும் வனத்துறை அதிகாரி ஒரு பக்கம். தெய்வம் கடைசியில் பண்ணையாரைத் தண்டித்துவிட்டு, ஊராரின் கைகளையும் அதிகாரியின் கையையும் சேர்த்து வைக்கிறது. பேய்ப்படத்தின் உச்சக்கட்டம் ஒரு நிலப் பஞ்சாயத்தாக முடிவது இந்தியாவில்தான் சாத்தியம்.

அதே ஆண்டு நவம்பரில் அமர் கௌஷிக் இயக்கத்தில் வந்த இந்திப் படம் ‘பேடியா’, அதாவது ஓநாய். தில்லியிலிருந்து அருணாசலப் பிரதேசத்தின் ஜீரோ பள்ளத்தாக்குக்குச் சாலை போடும் ஒப்பந்தத்தோடு வருகிறான் கதாநாயகன். காட்டின் நடுவே சாலை போனால் செலவு குறைவு, லாபம் அதிகம். ஒரு ஓநாய் அவனைக் கடிக்கிறது. இரவானால் அவனே ஓநாயாகிச் சாலை வேலையோடு தொடர்புடையவர்களையே குதறுகிறான். சிரிப்பும் பயமும் கலந்த மசாலாப் படம்தான். ஆனால் காட்டை வெட்ட வந்தவன் உடம்புக்குள்ளேயே காடு புகுந்துகொள்ளும் யோசனை சுலபத்தில் மறக்காது.

ஓர் இலைகூடக் கூடாது

இந்தப் பயம் சினிமாக்காரர்களின் கண்டுபிடிப்பு அல்ல. தமிழகத்தில் கோயில்காடு, கேரளத்தில் காவு, கர்நாடகத்தில் தேவரகாடு, மகாராஷ்டிரத்தில் தேவராய் என்று நாடெங்கும் தெய்வத்துக்கு விடப்பட்ட காடுகள் இருக்கின்றன. மேகாலயத்தின் மாஃப்லாங் புனிதக் காட்டிலிருந்து ஓர் இலையைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது காசி மக்களின் நம்பிக்கை. எடுத்தால் நோய் வரும், சாவு வரும். சுற்றுப்புறத்து மலைகள் மொட்டையாகியும் அந்தக் காடு அடர்ந்து நிற்கிறது. வனச்சட்டங்கள் வருவதற்கு முன்பே இருந்த வனச்சட்டம் அது. அதற்குக் காவலர் இல்லை, அபராத ரசீது இல்லை. பேய்க்கதை மட்டுமே இருந்தது.

இப்படிப்பட்ட சட்டத்தின் முழு வடிவத்தைப் பார்க்க வேண்டுமானால் வங்காளத்தின் சுந்தரவனத்துக்குப் போக வேண்டும். இந்தியப் பகுதியில் மட்டும் 102 தீவுகள், அவற்றில் 54-இல் மனிதர்கள். மிச்சமெல்லாம் அலையாத்திக் காடும் புலியும்.

இங்கே தேனெடுக்கவும் நண்டு பிடிக்கவும் காட்டுக்குள் போகும் இந்துக்களும் முஸ்லிம்களும் வணங்குவது ஒரே பெண் தெய்வத்தை, போன்பீபியை. ‘போன்பீபி ஜொஹுராநாமா’ என்ற அவளுடைய கதைப்பாடல் 19-ஆம் நூற்றாண்டில் வங்காளியில் அச்சானது. ஆனால் அரபுப் புத்தகம் போல வலமிருந்து இடமாகப் புரட்ட வேண்டும். கதைப்படி புலி வடிவெடுத்து மனிதரைத் தின்றுவந்த தொக்கின் ராயை அடக்க, அரபு நாட்டிலிருந்து வந்தவள் அவள். ஜெயித்தபின் அவனைக் கொல்லவில்லை. காட்டை இரண்டாகப் பிரித்து, பாதி மனிதருக்கு, பாதி அவனுக்கு என்று எல்லை போட்டாள். வெறுங்கையோடும் சுத்தமான மனதோடும் போகிறவர்கள், தேவைக்குமேல் எடுக்காதவர்கள், அவளை அம்மா என்று கூப்பிட்டால் காப்பாற்றுவாள். பேராசைக்காரர்களுக்கு உத்தரவாதம் இல்லை.

கோஷ் நாவலுக்குள் கொண்டுவர முடியாமல் தவித்ததைக் கடைசியில் கொண்டுவந்தது இந்த மண்ணின் கதைகளைப் பிடித்துக்கொண்டுதான். 2004-இல் வந்த ‘தி ஹங்ரி டைட்’ நாவலில் போன்பீபி வருகிறாள். 2021-இல் அவள் கதையையே ‘ஜங்கிள் நாமா’ என்று ஆங்கிலச் செய்யுளாக எழுதினார். 2019-இல் வந்த ‘கன் ஐலண்ட்’ நாவலிலோ பாம்புத் தெய்வம் மனசாதேவியை வணங்க மறுத்து ஓடும் வியாபாரி ஒருவன் வருகிறான். அவன் கடல்கடந்து போனாலும் புயலும் பஞ்சமும் பாம்பும் விடாமல் துரத்துகின்றன. அந்தப் பழங்கதையைத் தேடிப்போகும் இன்றைய மனிதனைக் கலிஃபோர்னியக் காட்டுத்தீயும் வெனிஸ் நகரின் விஷச் சிலந்தியும் எதிர்கொள்கின்றன. தெய்வக் கோபம் எங்கே முடிகிறது, பருவநிலை மாற்றம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி கதை போகிறது.

பில் யாருக்கு?

இதுவரை எல்லாம் சரி. தப்புச் செய்தவன் மாட்டுவான், காடு நியாயம் வழங்கும் என்ற திருப்தியோடு கொட்டகையை விட்டு வெளியே வரலாம். சுந்தரவனத்தில் அந்தத் திருப்திக்கு இடமில்லை.

புலி அடித்துப் போவது மரக்கடை முதலாளியை அல்ல, உடுத்திய துணியோடு தேனெடுக்கப் போனவனை. வனத்துறை 1980-களில் தலையின் பின்பக்கம் மாட்டிக்கொள்ள முகமூடிகள் கொடுத்தது. புலி பின்னாலிருந்துதான் பாயும், முகத்தைப் பார்த்தால் தயங்கும் என்ற கணக்கு. கொஞ்சகாலம் பலித்தது. புலியிடம் கணவனைப் பறிகொடுத்தவர்களை ‘பாக் பிதபா’, புலி விதவை என்கிறார்கள். கணவனைத் தின்றவள் என்ற பழியும் அவர்கள் தலையில்தான். தடைசெய்யப்பட்ட மையப் பகுதியில் இறந்தான் என்று இழப்பீடு மறுக்கப்பட்டவர்கள் பலர். எங்கே இறந்தாலும் தரவேண்டும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்ல 2023 வரை ஆனது.

புயலும் அப்படித்தான். 2009 மே மாதம் அய்லாவும் 2020 மே மாதம் அம்பனும் கரைகளை உடைத்து வயலுக்குள் உப்புநீரைக் கொண்டுவந்தன. கடல் சூடாகக் காரணமான புகையில் அந்த வயல்காரரின் பங்கு ஒன்றும் பெரிதல்ல.

தீவுவாசிகளே இதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். 1979-இல் மரிச்ஜாப்பி தீவில் குடியேறிய, பெரும்பாலும் தலித்துகளான கிழக்கு வங்காள அகதிகளை மாநில அரசு போலீசை வைத்து வெளியேற்றியது. முற்றுகை, பசி, நோய், துப்பாக்கிச் சூடு. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் இன்றும் ஒரே கருத்தில்லை. காட்டைப் புலிக்குக் காப்பாற்றுவதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அதற்குப் பிறகுதான் புலிகள் சகஜமாக மனிதரைத் தின்னத் தொடங்கின என்று தீவுகளில் சொல்வதை மானுடவியல் ஆய்வாளர் அன்னு ஜலாய்ஸ் பதிவு செய்திருக்கிறார். ஏழை உயிரைவிடத் தன் உயிருக்கு மதிப்பு அதிகம் என்று புலி தெரிந்துகொண்டதாம். விலங்கியல் இதை ஒப்புக்கொள்ளாது. ஆனால் எந்தத் திகில் கதையும் இதைவிடக் கூர்மையாகக் குற்றம் சாட்டியதில்லை. இங்கே கெட்டுப்போனது புலி. கெடுத்தது மனிதர்கள்.

போன்பீபியின் பழைய கதைக்கும் இது தெரியும். தொனா என்ற வியாபாரி, விதவைத் தாயின் ஒரே மகனான துக்கேயைப் படகில் கூட்டிப்போகிறான். காட்டில் தொக்கின் ராய் பேரம் பேசுகிறான். பையனைக் கொடு, படகுகள் நிறையத் தேனும் மெழுகும் தருகிறேன். தொனா பையனைக் கரையில் விட்டுவிட்டு, நிரம்பிய படகுகளோடு ஊர் திரும்புகிறான். போன்பீபி துக்கேயைக் காப்பாற்றி முதலையின் முதுகில் வீட்டுக்கு அனுப்புகிறாள். தொனாவோ புலிவாயில் சாகவில்லை. மன்னிக்கப்பட்டு, தன் மகளையே துக்கேக்குக் கட்டிவைக்கிறான்.

காட்டோடு பேரம் பேசியவன் ஒருவன், விலையாக வைக்கப்பட்டவன் இன்னொருவன். சுந்தரவனத் தீவுகளில் இந்தக் கதையை இன்றும் மேடையில் நடிக்கிறார்கள். கரையில் தனியாக விடப்பட்ட துக்கே அம்மா என்று கூப்பிடும் காட்சியில் கூட்டத்தில் பலர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். பேராசைக்காரன் என்ன ஆனான் என்பதைவிட, அந்தப் பையன் வீடு வந்து சேர்ந்தானா என்பதுதான் அவர்களுடைய கவலை.