துண்டு போட்டுப் பிடிக்கும் முகவரி

‘வீட்டு ரவுட்டரில் ஐபிவி6 என்று ஒரு பொத்தான் கிடக்கிறது. அதைப் போட்டால் நெட் வேகமாகுமா?’ என்று கேட்கிறார் ஒரு வாசகர். ஆகாது. ‘ஸ்பீடு டபுள்’ என்று யூடியூபில் கத்துகிறவர்களை நம்பாதீர்கள். ஆனாலும் போட்டுப் பாருங்கள், வீட்டுக்குள் நடக்கும் கூத்துக்காக.

வரலாறு வேண்டுமென்றால் இவ்வளவுதான்: நெட்டில் கருவிகளை அடையாளம் காட்டும் பழைய ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. உலகக் கையிருப்பின் கடைசித் தொகுப்புகளும் 2011 பிப்ரவரியில் பங்கு போடப்பட்டுவிட்டன. அதற்கு மாற்றான ஐபிவி6 விதிகளை 1998-லேயே எழுதி வைத்திருந்தும் அவசரப்பட்டவர்கள் குறைவு. இந்தியாவில் 2016-ல் ஜியோ வந்த பிறகுதான் சூடு பிடித்தது.

பழைய முறையில் ரவுட்டர் ரிசர்வேஷன் பஸ்ஸின் கண்டக்டர். நோட்டைப் பார்த்து ஆளுக்கொரு சீட் நம்பர் கொடுக்கும். ஐபிவி6 அப்படியே டவுன் பஸ். கண்டக்டர் ரூட்டை மட்டும் கூவுவதுபோல், ரவுட்டர் முகவரியின் முன்பாதி 64 பிட்டை மட்டும் எல்லோருக்கும் சொல்லும். பின்பாதிக்கு போன் தானாக ஏதோ ஓர் எண்ணைப் போட்டுக்கொள்ளும். ஜன்னல் வழியே துண்டு விழுந்தாயிற்று! உடனே உட்கார்ந்துவிடாது. ‘இங்கே ஆள் இருக்கா?’ என்று ஒரு குரல் கொடுத்து, வழக்கமாக ஒரு விநாடி காத்திருக்கும். பதில் வராவிட்டால் சீட் அதற்கு.

அந்தக் குரலைக் கொஞ்சம் உற்றுக் கேளுங்கள். கேட்கிறவருக்கு இன்னும் முகவரியே இல்லாததால், அனுப்புநர் இடத்தில் வெறும் பூஜ்யங்கள். கேள்வியும் பஸ் முழுக்கப் போகாது. முகவரியின் கடைசி 24 பிட் ஒத்துப்போகிற குழுவுக்கு மட்டுமே. இத்தனைக்கும் பஸ்ஸில் 1.8 லட்சம் கோடி கோடி சீட்டுகள். ஏறுவதோ உங்கள் போன், டிவி, மாமியாரின் டேப்லெட். மோதிக்கொள்ள வாய்ப்பே இல்லை என்றாலும் கேட்காமல் உட்காராது. போதாததற்கு, பல கருவிகள் நாளுக்கொரு தரம் சீட்டும் மாறிக்கொள்ளும். காரணம் உண்டு: ஆரம்பத்தில் பின்பாதியைக் கருவியின் வன்பொருள் எண்ணிலிருந்து செய்தார்கள். எந்த ஊர் வைஃபையில் ஏறினாலும் அதே வால் கூடவே வந்து ஆளைக் காட்டிக்கொடுத்தது.

பொத்தானைப் போட்டபின் போனின் வைஃபை விவரத்தைத் திறந்து பாருங்கள். ‘எஃப்இ80’ என்று தொடங்குவது வீட்டுக்குள் மட்டுமே செல்லும். 2-ல் தொடங்குவதுதான் உலகத்துக்கானது. அது தென்படவில்லையென்றால், பெரும்பாலும் உங்கள் இணைப்பு நிறுவனம் இன்னும் தரவில்லை.

தென்பட்டால் முதல் வேலை, ரவுட்டரில் ஐபிவி6 ஃபயர்வால் ஆனில் இருக்கிறதா என்று பார்ப்பது. முன்பு வீடு முழுக்க ஒரே வெளிமுகவரிக்குப் பின்னால் பதுங்கியிருந்தது. இப்போது வாசல் கேமராவுக்கும் தனி வெளிமுகவரி. ‘புதிய ஐபி என்றாலே பாதுகாப்பு’ என்று விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

விருந்தாளிகளுக்குத் தனி வைஃபை வைத்திருக்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். நிறுவனம் ‘/56’ தொகுப்பு கொடுத்தால் 256 தனி வலைகள் பிரிக்கலாம். ‘/64’ ஒன்றே ஒன்று என்றால் ஒரு வலையோடு சரி. இத்தனை முகவரி இருந்தும் கிள்ளிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டு வாங்குங்கள்.