கட்டுரைப் பணியும் எழுமதமும்

முதுகலை மாணவர்க்கு அளிக்கப்பெறும் கட்டுரைப் பணியில் முதற்கண் நோக்கத்தக்கது வினாவின் வினைச்சொல்லாகும். ‘தொகுத்துரைக்க’ என்பது வேறு. ‘ஆராய்க’ என்பது வேறு. குறுந்தொகையின் உள்ளுறையை ஆராய்க எனின், உ. வே. சாமிநாதையர் 1937-இல் வெளியிட்ட பதிப்பின் உரையைப் பெயர்த்தெழுதுதல் விடையாகாது. பாட்டின் சொல்லொடு உரையை ஒத்துநோக்கிக் கொள்வனவும் தள்ளுவனவும் காரணங் காட்டி நிறுவுதல் வேண்டும்.

நன்னூலார் எழுமதத்துள் உடன்படலையும் மறுத்தலையும் முதற்கண் வைத்தார். எனவே, பிறர் கருத்தொடு உடன்படுதல் இழுக்கன்று. அதனை மறைத்துத் தமதெனக் காட்டலே இழுக்காம். பிறர் கருத்து முடிந்து தம் கருத்துத் தொடங்கும் இடம் புலனாகாத கட்டுரை, எத்துணைச் செறிவுடைத்தாயினும், ஆய்வெனப்படாது என்பதே எம் துணிபு.