மெலியும் கோழியைப் பேணும் முறை

வீட்டு வளவிலே நாலைந்து கோழிகளாவது வளர்க்காத கமக்காரர் மிகச் சிலரே. களத்திற் சிந்திய நெல்லையும் தோட்டத்துப் பூச்சி புழுக்களையும் உண்டு, அவை குடும்பத்துக்கு முட்டையையும் மரக்கறிப் பாத்திகளுக்கு எருவையும் தருகின்றன. பிள்ளைகள் பெயரிட்டு அழைத்து வளர்க்கும் பேடு ஒன்று நாளுக்கு நாள் மெலியத் தொடங்கினால், வயது போய்விட்டதென்றெண்ணி வாளாவிருப்போர் பலர். கையிற் கிடைத்த மருந்தை நீரிற் கலந்து கொடுப்போர் வேறு பலர். இரண்டும் தவறாகும். மெலிவு என்பது தனியொரு நோயன்று; பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறியாகும். ஆகவே காரணத்தை அறிந்த பின்னரே மருந்து கொடுத்தல் வேண்டும்.

மெலிவை அறிதல்

கோழியின் மெலிவை இறகுகள் மறைத்துவிடும். ஆதலாற் கண்ணாற் பார்ப்பது போதாது. கையினாற் தடவிப் பார்த்தல் வேண்டும். மார்பின் நடுவே ஓடும் எலும்பின் இரு பக்கங்களையும் விரல்களால் தடவுக. நல்ல நிலையிலுள்ள கோழிக்கு அங்கே தசை திரண்டிருக்கும். மெலிந்த கோழிக்கு இரு பக்கமும் குழிந்து, எலும்பு கத்தி விளிம்பைப் போல் துருத்தி நிற்கும். ஐயமுள்ள கோழியைக் கிழமைக்கொருமுறை, காலையில் தீன் போடுமுன், தராசில் நிறுத்து நிறையைக் குறித்து வைத்தல் நன்று. அடைகாக்கும் பேடு 21 நாளும் குறைவாக உண்பதால் ஓரளவு மெலிவது இயல்பு. குஞ்சு பொரித்த பின்னரும் தேறாவிடின் அதனையும் சோதித்தல் வேண்டும்.

காரணத்தைத் தேடுதல்

முதலாவதாகக் கழுத்தின் அடியிலுள்ள தீன்பையைத் தொட்டுப் பார்க்க. அது மாலையில் நிறைந்தும் காலையில் வெறுமையாகவும் இருத்தல் வேண்டும். மாலையிலும் வெறுமையாயின், கோழிக்கு உண்ண விருப்பமில்லை, அல்லது வலிய கோழிகள் அதனை உண்ணவிடாது துரத்துகின்றன என்பது பொருள். காலையிலும் இறுகியிருந்தால், நீண்ட புல்லோ வைக்கோலோ அடைத்திருக்கலாம். நீர் நிறைந்த பைபோல் தொங்கி, வாயிற் புளித்த நாற்றம் வீசினால், உள்ளிருக்கும் தீன் புளித்துவிட்டதென அறிக. இவ்விரு நிலைகளிலும் மிருக வைத்தியரை நாடுக. கோழியைத் தலைகீழாகப் பிடித்துத் தீன்பையைப் பிதுக்குதல் ஆகாது. உள்ளிருக்கும் நீர் சுவாசக் குழாயிற் புகுந்து கோழி இறந்துவிடக்கூடும்.

இரண்டாவதாக எச்சத்தைப் பார்க்க. கோழியைத் தனியே அடைத்து, கீழே பழைய பத்திரிகைத் தாளை விரித்தால் எச்சம் தெளிவாகத் தெரியும். அரிசி போன்ற வெண்ணிறத் துண்டுகள் காணப்படின் அவை நாடாப்புழுவின் கணுக்களாகும். எறும்பு, வண்டு முதலியவற்றைத் தின்பதால் இப்புழு கோழியைப் பற்றுகின்றது. பெரிய வட்டப்புழு 5 முதல் 12 சதமீற்றர் வரை நீளமுடையது. இதன் முட்டைகள் ஈரமண்ணிலிருந்து கோழியின் வாயை அடைகின்றன. எச்சத்திற் புழு காணப்படாமையால் வயிற்றிற் புழு இல்லையென்று துணியலாகாது. புழுவின் முட்டைகள் நுணுக்குக்காட்டிக்கே புலப்படும். புதிய எச்சத்தைச் சுத்தமான சிறு போத்தலில் இட்டு மிருக வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டு செல்க. எச்சத்தில் இரத்தம் கலந்திருந்தால், அது பெரும்பாலும் இளங்கோழிகளைத் தாக்கும் இரத்தக் கழிச்சலாயிருக்கலாம். இதற்குத் தாமதமின்றி மருந்து வேண்டும்.

மூன்றாவதாகத் தோலையும் கூட்டையும் சோதிக்க. எச்சத் துவாரத்தைச் சுற்றியுள்ள இறகுகளின் அடியிற் பேனும் அதன் முட்டைகளும் திரண்டிருக்கும். செந்நிறச் சிற்றுண்ணியோ பகலில் மரப் பிளவுகளில் ஒளிந்திருந்து, இரவில் வந்து இரத்தத்தை உறிஞ்சும். ஆதலால் இரவில் விளக்குடன் சென்று கோழி தங்கும் கொம்பைப் பார்த்தல் வேண்டும். கொண்டை வெளிறியிருப்பது இரத்தக் குறைவைக் காட்டும்.

பராமரிப்பு

மெலிந்த கோழியை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றோட்டமுள்ளதும் குளிர்காற்றுப் படாததுமான உலர்ந்த இடத்தில் வைக்க. சுத்தமான நீர் எப்பொழுதும் இருத்தல் வேண்டும். தீன்பை அடைபடாத கோழிக்கு, நீரிற் குழைத்த கோழித்தீன், அவித்த பயறு, அவித்து நறுக்கிய முட்டை ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்க. நீரை வாயில் ஊற்றாது, அலகின் நுனியை நனைத்து, அதுவாகவே குடிக்க விடுக. நோயற்ற கோழிகளுக்குத் தீன் வைத்த பின்னரே நோயுற்றதைத் தொடுக. பின்னர் சவர்க்காரமிட்டுக் கைகளைக் கழுவுக. பிள்ளைகள் அதனைத் தூக்கிக் கொஞ்ச விடலாகாது.

மருந்து

ஒரு புழுவுக்குரிய மருந்து மற்றொன்றுக்குப் பயன்படாமற் போகலாம். பைப்பரசின் பெரிய வட்டப்புழுவை அகற்றும், நாடாப்புழுவை அகற்றாது. ஆகவே மருந்தையும் அளவையும், முட்டையையும் இறைச்சியையும் எத்தனை நாள் உண்ணாது விலக்க வேண்டுமென்பதையும் மிருக வைத்தியரிடம் கேட்டறிக. நெல்லுக்கும் மிளகாய்க்கும் தெளிக்கும் பூச்சிநாசினிகளைப் பேனுக்காகக் கோழியின் உடலிற் பூசுதல் பெருந்தீங்கு. அது கோழியைக் கொல்லக்கூடும். முட்டை வழியாக வீட்டாரின் உடலிலும் நஞ்சு சேரக்கூடும். உண்ணியுள்ள கூட்டைக் கழுவி, பிளவுகளிற் கொதிநீர் ஊற்றி, வெயிலில் உலர்த்திச் சுண்ணாம்பு பூசுக.

தேறாத கோழி

எல்லா மெலிவும் மருந்தால் மாறுவதன்று. ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிப் படுக்கும் இளங்கோழிக்கு மாரெக் நோய் இருக்கலாம். இதற்குச் சிகிச்சையில்லை, குஞ்சு பொரித்த நாளிலேயே தடுப்பூசி ஏற்றுவதே காப்பு. உண்டும் மெலிந்து, நொண்டி நடக்கும் முதிய கோழிக்குக் காசநோய் இருக்கலாம். இத்தகையவற்றை மிருக வைத்தியரின் ஆலோசனைப்படி துன்பமின்றி அகற்றுவதே மற்றவற்றுக்குப் பாதுகாப்பு. நோயுற்ற கோழியை விற்பதும் சமைப்பதும் தகாது. இறந்ததை வாய்க்காலில் எறியாது, கிணற்றுக்குத் தொலைவிலே சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்க.

பல கோழிகள் ஒருங்கே சோர்ந்து, பச்சைக் கழிச்சலும் மூச்சுத்திணறலும் கழுத்துத் திருகலும் கண்டு சில நாளில் இறப்பின், அது இராணிக்கெட் நோயாக இருக்கலாம். உடனே மிருக வைத்திய அலுவலகத்துக்கு அறிவித்தல் வேண்டும்.

வருமுன் காத்தல்

கூட்டிலுள்ள கூளத்தை உலர்ந்த நிலையில் வைத்திருக்க. புதிதாக வாங்கிய கோழியை ஒரு மாதம் தனியே வைத்துப் பார்க்க. மருந்து தெளித்த பாத்திகளிலும், மருந்து கலந்த விதை கிடக்கும் இடங்களிலும் கோழிகளை மேயவிடாதிருக்க. பச்சை எருவை நேரே கீரைப் பாத்தியில் இடாது, குவித்து நன்கு மக்கிய பின்னரே இடுக.

கிழமைக்கொருமுறை ஒவ்வொரு கோழியின் மார்பையும் தடவிப் பார்க்கச் சில நிமிடங்களே செல்லும். மெலிவு தொடக்கத்திலேயே கைக்குப் புலப்பட்டால், அந்தக் கோழியைத் தேற்றுவதற்கும் மற்றவற்றைக் காப்பதற்கும் காலம் இருக்கும்.