பேரேடு மேகத்தில், பொறுப்பு நம் கையில்

குஜராத்தி வணிகர்கள் தீபாவளி நாளில் புதுக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் மங்கலச் சொல் எழுதி, அதனை வழிபட்ட பின்னரே புத்தாண்டுக் கணக்கைத் தொடங்குவர். இதற்குச் சோப்டா பூஜை என்று பெயர். வங்காள வணிகர்கள் தங்கள் புத்தாண்டு நாளில் பழைய பாக்கிகளைத் தீர்த்துப் புதுப் பேரேட்டைத் திறப்பதை ஹால்கத்தா என்பர். யாரிடமிருந்து எவ்வளவு வரவேண்டும், யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்பதைச் சொல்லும் ஏடு தொலைந்தால் வணிகமே தொலையும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். இன்று சோப்டா பூஜையில் சிவப்பு உறையிட்ட ஏட்டின் அருகே மடிக்கணினியும் வைக்கப்படுகிறது. பேரேடு இடம் மாறிவிட்டது.

இடம் மாறிய அந்தப் பேரேட்டின் பெயர் தரவுத்தளம். பில் போடும் மென்பொருள், சரக்கு இருப்பு, வாடிக்கையாளர் பாக்கி, ஊழியர் சம்பளம் ஆகிய அனைத்துக்கும் அடியில் இருப்பது அதுவே. திரையில் தெரியும் மென்பொருளை மீண்டும் விலைக்கு வாங்கலாம். தரவுத்தளத்தில் உள்ள பத்தாண்டுக் கணக்கை எங்கும் வாங்க இயலாது. அதனை எங்கே வைப்பது, யார் காப்பது என்ற கேள்வி இன்று சிறு, நடுத்தரத் தொழில் நடத்தும் ஒவ்வொருவர் முன்னும் நிற்கிறது.

சேவை என்பது எது?

அண்மைக் காலம் வரை இதற்கான விடை எளிதாக இருந்தது. அலுவலகத்தின் ஒரு மூலையில் ஒரு சர்வர், அதற்கொரு யு.பி.எஸ்., மாதமொரு முறை வந்து பார்க்கும் ஒரு தொழில்நுட்பர். வன்தட்டு பழுதானால் விற்பனை நிற்கும். தொழில்நுட்பர் வேறு ஊருக்குச் சென்றுவிட்டால் கடவுச்சொல்லும் அவருடனே சென்றுவிடும்.

பெருநிறுவனங்களின் தரவு மையங்களில் உள்ள கணினிகளை இணையத்தின் வழியே வாடகைக்குப் பெறுவதே மேகக் கணிமை. பேச்சு வழக்கில் கிளவுட். அங்கே வெறும் கணினியை மட்டும் வாடகைக்கு எடுத்தால் பராமரிப்பு முழுவதும் நம்மையே சேரும். பராமரிப்பையும் சேர்த்துப் பெறும் முறைக்குத்தான் மேலாண்மைத் தரவுத்தளச் சேவை என்று பெயர். அமேசான் நிறுவனம் 2009 ஆம் ஆண்டு அக்டோபரில் ஆர்.டி.எஸ். என்ற பெயரில் இத்தகைய சேவையைத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட், கூகுள் முதலிய நிறுவனங்களும் இன்று இதனை வழங்குகின்றன. மைக்ரோசாஃப்ட் 2015இல் புனே, மும்பை, சென்னை ஆகிய இடங்களிலும், அமேசான் 2016இல் மும்பையிலும் 2022இல் ஐதராபாத்திலும், கூகுள் 2017இல் மும்பையிலும் 2021இல் தில்லியிலும் தரவு மையத் தொகுதிகளைத் திறந்தன. ஆகவே இந்திய நிறுவனத்தின் கணக்கை இந்திய எல்லைக்குள்ளேயே வைத்துக்கொள்வதில் இன்று தடையேதும் இல்லை.

இச்சேவைகள் தரும் நன்மைகள் மெய்யானவை. வன்தட்டு பழுதானால் மாற்றுவது வழங்குநரின் வேலை. மென்பொருளின் பாதுகாப்புத் திருத்தங்களையும் அவர்களே பொருத்துவர். நாள்தோறும் காப்புநகல் தானாக எடுக்கப்படும். கடந்த சில நாள்களுக்குள் எந்த நேரத்தில் இருந்த நிலைக்கும், ஏறத்தாழ நிமிடக் கணக்கில் துல்லியமாகத் திரும்பிச் செல்ல வழியுண்டு. கூடுதல் கட்டணம் செலுத்தினால், தனி மின்சாரமும் தனிக் கட்டடமும் கொண்ட மற்றொரு மையத்தில் இரட்டைத் தரவுத்தளம் ஒன்று எந்நேரமும் ஆயத்தமாக இருக்கும். முதலாவது நின்றால், பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் இரண்டாவது பொறுப்பேற்கும். மூலையில் இருந்த சர்வருக்கு இவ்வளவையும் செய்து கொடுக்க ஒரு சிறு நிறுவனத்தால் இயலாது.

சேவை செய்யாதவை

நன்மைகளை அறிந்து பலர் இதற்கு மாறுகின்றனர். மாறிய பின் "இனி எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று எண்ணிவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

வங்கி லாக்கரை எண்ணிப் பார்ப்போம். காப்பறையின் கதவும் காவலும் வங்கியின் பொறுப்பு. உள்ளே எதை வைத்தோம், சாவியை யாரிடம் கொடுத்தோம் என்பவை வாடிக்கையாளரின் பொறுப்பு. மேகத் தரவுத்தளமும் அவ்வாறே. இயந்திரத்தை வழங்குநர் காக்கிறார். உள்ளிருக்கும் கணக்கின் சரித்தன்மையையும், அதைத் திறக்கும் உரிமையையும் நாமே காக்க வேண்டும்.

நான்கு கிளைகள் கொண்ட ஒரு மருந்து மொத்த விற்பனை நிறுவனத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஊழியர் ஒருவர் கைதவறி ஒரு கிளையின் நிலுவைப் பட்டியல் முழுவதையும் அழித்துவிடுகிறார். ஆயத்தமாக நிற்கும் இரட்டைத் தரவுத்தளம் இங்கே உதவாது. முதலாவதில் நிகழ்வதை உடனுக்குடன் அப்படியே பிரதி செய்வதே அதன் பணி. ஆதலால் அழிப்பும் பிரதியாகிவிடும். இரட்டைத் தரவுத்தளம் இயந்திரப் பழுதுக்கான மருந்து. மனிதப் பிழைக்கான மருந்து காப்புநகல் மட்டுமே.

காப்புநகலுக்கும் எல்லையுண்டு. ஆர்.டி.எஸ். சேவையில் தானியங்கிக் காப்புநகல்களை அதிக அளவாக 35 நாள்களே வைத்திருக்கலாம். தரவுத்தளத்தையே நீக்கும்போது, வைத்திருக்குமாறு நாம் குறிப்பிடாவிடில் அந்தத் தானியங்கி நகல்களும் உடன் நீங்கிவிடும். சேவை தடைப்பட்டால் வழங்குநர்கள் தரும் ஈடு பெரும்பாலும் கட்டணத்தில் ஒரு கழிவு மட்டுமே. இழந்த கணக்கின் மதிப்பை அவர்கள் ஈடுசெய்வதில்லை.

மூன்று நிகழ்வுகள், ஒரே பாடம்

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருளாளர்கள் பயன்படுத்தும் கிட்லேப் இணையச் சேவையில் ஒரு பொறியாளர் தவறான கணினியில் கட்டளையிட்டு, முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். நகல் எடுக்கப் பல வழிகள் அமைக்கப்பட்டிருந்தன. வழக்கமான காப்புநகலைத் தேடியபோது அந்த இடம் காலியாக இருந்தது. மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் நகலெடுப்பு தோல்வியுற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவரைச் சேரவில்லை. ஆறு மணி நேரம் முன்னர் வேறொரு வேலைக்காக எடுத்து வைத்திருந்த நகலே அந்நிறுவனத்தைக் காத்தது. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு மீளவில்லை.

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்திராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீயில் அழிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆயினும் காப்புநகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் அசலையும் நகலையும் ஒருசேர இழந்தனர்.

2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் கணினிக் கட்டமைப்பு, கூகுள் கிளவுடில் நேர்ந்த ஓர் அமைப்புப் பிழையால் நீக்கப்பட்டது. இரு வேறு இடங்களில் இருந்தவை இரண்டும் நீங்கின. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் பல நாள்கள் தங்கள் கணக்கைப் பார்க்க இயலவில்லை. ஆனால் நிதியம் வேறொரு வழங்குநரிடம் தனியாக ஒரு காப்புநகல் வைத்திருந்தது. உறுப்பினர்களின் ஓய்வூதியக் கணக்குகள் மீண்டன.

காப்புநகல் இருக்கிறது என்ற நம்பிக்கை வேறு, அது மீள்கிறது என்ற சோதனை வேறு என்பதையே இம்மூன்று நிகழ்வுகளும் உணர்த்துகின்றன. மீட்டுப் பார்க்காத நகலை நகலாகக் கருதலாகாது.

சட்டம் நம்மிடம் எதிர்பார்ப்பது

சட்டமும் இப்பொறுப்பை வழங்குநரிடம் தள்ளிவிட இடம் தரவில்லை. கணக்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கம்பெனிகள், அவற்றின் காப்புநகலை இந்தியாவில் அமைந்த சர்வரில் நாள்தோறும் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்ட கம்பெனிக் கணக்கு விதிகள் கூறுகின்றன. யார், எப்போது, எதை மாற்றினார் என்ற தடத்தைப் பதிவுசெய்யும் கணக்கு மென்பொருளையே கம்பெனிகள் பயன்படுத்த வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு விவர அறிக்கை தாக்கல் செய்வதற்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். கம்பெனிச் சட்டப்படி எட்டு நிதியாண்டுகள். 35 நாள் காப்புநகலையும் 72 மாதக் கடமையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இடைவெளி விளங்கும். நீண்ட காலச் சேமிப்புக்குத் தனி ஏற்பாடு தேவை.

2023 ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வாடிக்கையாளர் விவரங்களைக் கையாளும் வேலையை நாம் பிறரிடம் ஒப்படைத்தாலும் பொறுப்பு நம்மையே சேரும் என்கிறது. ஒன்றை மட்டும் தரவுத்தளத்தில் வைக்கவே கூடாது: வாடிக்கையாளரின் அட்டை எண். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2022 அக்டோபர் 1 முதல், அட்டை வழங்கும் வங்கிகளும் அட்டை வலையமைப்புகளும் தவிர வேறு வணிகர் எவரும் அதனைச் சேமிக்கலாகாது.

செலவைக் கணக்கிடும்போது

சர்வரை ஒருமுறை வாங்குகிறோம். சேவைக்கோ மாதந்தோறும் செலுத்துகிறோம். இரவில் எவரும் பில் போடாவிட்டாலும் தரவுத்தளம் இயங்கிக்கொண்டிருந்தால் கட்டணம் ஏறும். ஆர்.டி.எஸ். சேவையில் தரவுத்தளத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தாலும் ஏழு நாள்களுக்குப் பின் அது தானாக மீண்டும் இயங்கத் தொடங்கும். சோதனைக்காகத் தொடங்கி மறந்துவிட்டவை பட்டியலில் இப்படித்தான் செலவைக் கூட்டுகின்றன. எனவே முதல் நாளிலேயே மாதச் செலவுக்கு ஓர் எல்லை குறித்து, அதனை நெருங்கும்போது எச்சரிக்கை வரும்படி அமைத்துக்கொள்வது நலம்.

இம்மாதமே செய்யத்தக்கவை

சிறு நிறுவனங்களுள் பலவும் இச்சேவையை நேரடியாக வாங்குவதில்லை. மென்பொருள் விற்பனையாளர் வழியாகவே பெறுகின்றன. அவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: மேகச் சேவையின் கணக்கு யார் பெயரில் உள்ளது? விற்பனையாளர் பெயரில் இருந்தால், அவருடன் மனவேறுபாடு நேரும் நாளில், அல்லது அவர் தொழிலை மூடும் நாளில், நம் பேரேட்டின் சாவி நம்மிடம் இராது. கணக்கு நிறுவனத்தின் பெயரிலும், தனி ஊழியருடையதல்லாத நிறுவன மின்னஞ்சல் முகவரியிலும் இருக்க வேண்டும். விற்பனையாளருக்கு வேலைக்குத் தேவையான அனுமதியை மட்டும் அளித்தால் போதும்.

அடுத்து, சாவிகளை எண்ண வேண்டும். வேலையை விட்டுச் சென்றவரின் அனுமதி அன்றே நீக்கப்பட வேண்டும். தலைமைக் கணக்குக்குக் கடவுச்சொல்லுடன் இரண்டாவது சரிபார்ப்பும் அமைய வேண்டும். தரவுத்தளம் இணையத்தில் எவரும் அணுகும்படி திறந்திருக்கலாகாது. வழங்குநரைச் சாராத இன்னொரு நகல், வேறோர் இடத்தில், இந்தியாவுக்குள் இருக்க வேண்டும்.

நிறைவாக, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மீட்புச் சோதனை. காப்புநகலிலிருந்து மீட்கும்போது பெரும்பாலான சேவைகளில் புதிய தரவுத்தளம் ஒன்று தனியே உருவாகும். நடப்புக் கணக்கு தொடப்படுவதில்லை. ஆதலால் அஞ்சத் தேவையில்லை. மீட்டதில் கடைசி பில்லின் எண் சரியா, மொத்த நிலுவைத் தொகை பொருந்துகிறதா, ஒவ்வொரு கிளையின் சரக்கு இருப்பும் உள்ளதா என்று கணக்கரே பார்க்க வேண்டும். தொடங்கியது முதல் முடியும்வரை எவ்வளவு நேரம் ஆயிற்று என்று குறித்துக்கொள்ள வேண்டும். உண்மையான இடர் வரும் நாளில் நம் கடை அவ்வளவு நேரமாவது மூடியிருக்கும் என்பதை அந்த எண் முன்கூட்டியே சொல்லிவிடும். சோதனை முடிந்ததும் அந்தத் தற்காலிகத் தரவுத்தளத்தை மறவாமல் நீக்கிவிட வேண்டும்; இல்லையேல் அதற்கும் கட்டணம் ஏறும்.

இதற்கெல்லாம் அரை நாள் போதும். வணிகர் இரவில் கடை மூடுமுன் கல்லாவை எண்ணிப் பார்க்கிறார். ஆண்டு முடிவில் சரக்கை எண்ணிப் பார்க்கிறார். பேரேட்டையும் அவ்வாறே எண்ணிப் பார்க்கும் வழக்கம் நம் அலுவலக நாள்காட்டியில் இடம்பெற வேண்டும். அடுத்த காலாண்டின் முதல் சனிக்கிழமையை இன்றே அதற்காகக் குறித்து வைப்போம்.